ஒரு பொறிக்கு ஒரு செல்: நேர்வழியும் சுற்றுவழியும்

எங்கள் கல்லூரியின் உயிரியல் ஆய்வகத்துக்கு ஒரு தேவை இருந்தது. ரத்தப் புற்றுநோய் செல் ஒன்றுக்கு மருந்து கொடுக்க வேண்டும். அது என்ன ஆகிறது என்று மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். அதே செல்லையே பார்க்க வேண்டும், பக்கத்துச் செல்லை அல்ல. கூட்டமாக வளரும் செல்களுக்கு மருந்து கொடுத்தால் கிடைப்பது வெறும் சராசரி. நூற்றில் ஐந்து செல் மட்டும் மருந்துக்கு அசையாமல் நிற்கிறது என்றால், அந்த ஐந்தும் சராசரிக்குள் காணாமல் போய்விடும். நோய் திரும்ப வருவதற்குக் காரணமாக இருக்கக்கூடியவை அந்த ஐந்துதான்.

தனிச் செல்லைப் பெறுவதற்கு வழக்கமான வழி, கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து 96 குழித் தட்டில் பகிர்ந்து விடுவது. குழிக்குச் சராசரியாக ஒரு செல் வரும்படி ஊற்றினாலும் 37 சதவீதக் குழிகளில்தான் சரியாக ஒன்று இருக்கும். இன்னொரு 37 சதவீதம் காலி. மீதியில் இரண்டோ மூன்றோ. ஊற்றுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதுதான் வரும், ஏனென்றால் இது தற்செயலாக விழுபவை எப்படிப் பங்கிடப்படும் என்று சொல்லும் பாய்சான் பரவலின் கணக்கு. சராசரியை அரையாகக் குறைத்தால் இரட்டைகள் குறையும், ஆனால் 61 சதவீதக் குழிகள் காலியாகிவிடும்.

லாஸ் அலமோஸில் மேக் ஃபுல்வைலர் 1965-ல் வெளியிட்ட வழியில் வளர்ந்த செல் பிரிப்பு இயந்திரங்கள் இருக்கின்றன. செல் அடங்கிய துளிக்கு மின்னூட்டம் கொடுத்து, துளியையே பக்கவாட்டில் திருப்பிவிடும் முறை. வேகத்தில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அதன் வேலை பிரிப்பதோடு முடிந்துவிடும். நூறு செல்களை நுண்ணோக்கியின் கீழ் வரிசையாக உட்கார வைத்து நாள் முழுக்கப் பார்க்க அது உதவாது. விலையும் எங்களைப் போன்ற கல்லூரிக்கு எட்டாது.

எனவே சிப், அதாவது உள்ளே நுண்ணிய கால்வாய்கள் ஓடும் ஒரு ரப்பர்த் துண்டு. பெர்க்லியில் டினோ டி கார்லோவும் லூக் லீயும் 2006-ல் காட்டியது அகலமான ஓர் அறைக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்களை நிறுத்தி வைக்கும் வடிவம். டோக்கியோவில் வெய்-ஹெங் டானும் ஷோஜி தகேயுச்சியும் 2007-ல் காட்டியது வேறு மாதிரி. நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. அவர்கள் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் மணிகளில் செய்து காட்டியதைச் செல் அளவுக்குச் சுருக்க வேண்டியிருந்தது.

அதன் அமைப்பு இப்படி. ஒரே கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று நேர்வழி: செல் உட்காரும் அளவுக்கு ஒரு குழி, குழியின் அடியில் செல்லைவிட மெல்லிய ஓர் இடுக்கு, இடுக்கைத் தாண்டினால் கால்வாயின் அடுத்த பகுதி. இன்னொன்று சுற்றுவழி: கால்வாய் முழுக்கச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேரும். குழியும் இடுக்கும் சேர்ந்ததுதான் பொறி. அது காலியாக இருக்கும்போது தண்ணீரில் பெரும்பங்கு நேர்வழியில் போக வேண்டும். செல் அந்த ஓட்டத்தோடு வந்து குழியில் உட்காரும், இடுக்கு அடைபடும். அப்புறம் தண்ணீருக்குச் சுற்றுவழிதான் மிச்சம். அடுத்து வரும் செல் தானாகச் சுற்றிப் போய் அடுத்த காலிப் பொறியில் உட்காரும். பாய்சான் கணக்கு இங்கே செல்லாது. ஒரு பொறி நிறைந்ததும் அது தன்னைத்தானே மூடிக்கொள்கிறது அல்லவா?

செல்லுக்குக் கண் கிடையாது. தண்ணீர் போகிற பக்கம் அது போகும். அதனால் இந்தச் சிப்பில் வரும் பழுது எதுவானாலும், தூசி, குமிழி, அச்சுக் கோளாறு எதுவாக இருந்தாலும், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நேர்வழியின் தடை மாறியதா, சுற்றுவழியின் தடை மாறியதா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வேலை நகர்ந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது. கால்வாயின் அகலம் 25 மைக்ரான், உயரமும் 25 மைக்ரான். இடுக்கின் அகலம் 6, நீளம் 10, உயரம் அதே 25. சுற்றுவழியின் நீளம் 600 மைக்ரான். நீளம் கூடினால் தடை அதே விகிதத்தில் கூடும். ஆனால் மெல்லிய பக்கம் குறைந்தால் தடை ஏறக்குறைய அதன் முப்படியில் ஏறும். செவ்வகக் கால்வாய்க்கான வழக்கமான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், குழியையும் சேர்த்து, நேர்வழியில் போகும் ஓட்டம் சுற்றுவழியைப் போல ஒன்றரை மடங்கு. நல்லது, செல் பொறிக்குள் போகும். இடுக்கு 6-க்குப் பதில் 5 மைக்ரானாக வந்தால்? விகிதம் 0.94 ஆகிவிடும். ஒரே ஒரு மைக்ரான் போய், பொறி பொறியாக இல்லாமல் போகிறது. செல்களில் பெரும்பாலானவை அதைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டு போய்விடும்.

இது முதலிலேயே தெரிந்ததால் ஒரே மாஸ்க்கில் (ஒளி எங்கே பட வேண்டும் என்று வரைந்த தகடு) சுற்றுவழியின் நீளத்தை மட்டும் மாற்றி மூன்று வடிவங்கள் வரைந்தேன்: 450, 600, 800 மைக்ரான். மாஸ்க்கில் இடம் காலியாகத்தான் கிடக்கும், நீளத்தை மாற்ற வரைபடத்தில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். இதைச் செய்பவர்கள் எல்லாரும் இப்படிச் செய்ய வேண்டும் என்றே சொல்வேன். இன்னொன்று, பிளாஸ்டிக் தாளில் அச்சடித்துத் தரும் மலிவான மாஸ்க் 10 மைக்ரானுக்குக் கீழே நம்பகமில்லை. 6 மைக்ரான் கோடு வேண்டுமென்றால் குரோம் மாஸ்க்தான்.

ரப்பரை வார்க்கும் அச்சுக்கு எஸ்யூ-8 2025 என்ற ஒளியுணர் பசையைப் பயன்படுத்தினோம். வேஃபர் என்ற சிலிக்கான் வட்டத் தகட்டில் ஊற்றி நிமிடத்துக்கு 3000 சுற்றில் சுழற்றினால் ஏறக்குறைய 25 மைக்ரான் படலம் கிடைக்கும். ஹாட் பிளேட்டில் வேகவைத்து, மாஸ்க் வழியாகப் புறஊதா ஒளி காட்டி, மறுபடி வேகவைத்து, டெவலப்பரில் கழுவ வேண்டும். ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் கரைந்து போகும். கால்வாய் வரவேண்டிய இடமெல்லாம் அச்சில் மேடாக நிற்கிறது. நம்முடைய இடுக்கு அச்சில் ஒரு குட்டிச் சுவர்: 6 மைக்ரான் தடிமன், 25 மைக்ரான் உயரம், 10 மைக்ரான் நீளம். தடிமனைப் போல நான்கு மடங்கு உயரமுள்ள சுவர் நேராக நிற்பது ஒளியின் அளவைப் பொறுத்தது. ஒளி குறைந்தால் சுவர் மெலியும், இன்னும் குறைந்தால் அடியோடு பெயர்ந்து வரும். கூடினால் தடிக்கும். விளக்கின் ஒளியில் 350 நானோமீட்டருக்குக் கீழே உள்ள பகுதி படலத்தின் மேல் தோலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் சுவரின் தலை மட்டும் தடித்துப் போகும். அதற்கு ஒரு வடிகட்டிக் கண்ணாடி வைக்க வேண்டும்.

கழுவும்போது அச்சு செய்யும் அறையின் மூத்த டெக்னீஷியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை வேஃபரின் மேல் பீய்ச்சியதும் ஓரத்தில் பால் மாதிரி ஒரு வெள்ளை படர்ந்தது. “தம்பி, வெள்ளையா படியுது பாருங்க, இன்னும் கரையல. ஆல்கஹால்ல கழுவிக் கழுவிப் பிரயோஜனமில்ல, திரும்ப டெவலப்பர்ல விடுங்க,” என்றார். “சரிண்ணே” என்று மறுபடி முக்கி எடுத்தேன். இரண்டாம் முறை வெள்ளை வரவில்லை. குட்டிச் சுவர்களின் இருபுறமும் உள்ள ஒடுங்கிய மூலைகளில்தான் கரையாத பசை கடைசி வரை நிற்கும், அதனால் அகலமான கால்வாய் சுத்தமாகத் தெரிகிறது என்று நிறுத்திவிடக் கூடாது.

அச்சு கிடைத்த பிறகு வரும் வேலை ஆய்வகங்களில் எல்லாரும் செய்வதுதான். அச்சின் மேல் ஃபுளோரின் கலந்த சிலேன் ஆவியைப் படியவிட்டால் ரப்பர் ஒட்டாமல் உரிந்து வரும். சில்கார்ட் 184 என்ற சிலிக்கோன் ரப்பரை, அதாவது பிடிஎம்எஸ்ஸை, பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் இறுக்கியோடு கலக்கி, டெசிகேட்டர் என்ற வெற்றிடக் கலத்தில் குமிழி நீக்கி, ஊற்றி, 70 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் பிளேடால் வெட்டி உரித்து, நுழைவுத் துளையும் வெளியேறும் துளையும் பஞ்ச் செய்தோம். பஞ்ச் செய்யும்போது கால்வாய் இருக்கும் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குத்துவது நல்லது. ரப்பர்த் துணுக்கு கால்வாயை விட்டு விலகிப் போகும். துளைக்குள் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது முதல் பொறியில்தான் போய் உட்காரும். கால்வாய்ப் பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டி உரித்தால் தூசி வந்துவிடும். பிறகு ரப்பரையும் கண்ணாடித் தகட்டையும் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவில், அரை நிமிடம் வைத்து, முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். 80 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் பிரிக்கவே முடியாது.

முதல் சோதனைக்குச் செல்களை வீணாக்க மனமில்லை. 15 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகளை விட்டோம். ஒன்றுகூடப் பொறியில் உட்காரவில்லை. மூன்று வடிவத்திலும் இதே கதை. எல்லா மணிகளும் ஒழுங்காகச் சுற்றுவழியில் சுற்றிக்கொண்டு வெளியேறின.

மூன்று வடிவமும் ஒரே மாதிரித் தோற்றால் நீளம் காரணமாக இருக்க முடியாது. நேர்வழி மொத்தமாக மூடியிருக்கிறது என்று அர்த்தம். 40 மடங்கு லென்ஸை வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கால்வாயின் சுவர்கள் மெல்லிய கோடாகத் தெரிந்தன, இடுக்கின் சுவர்கள் மட்டும் தடித்த கறுப்புக் கோடாகத் தெரிந்தன. பிடிஎம்எஸ்ஸின் ஒளிவிலகல் எண் 1.41, தண்ணீருக்கு 1.33. இரண்டும் நெருக்கம் என்பதால் நீர் நிறைந்த கால்வாயின் ஓரம் மங்கலாகத்தான் தெரியும். காற்றுக்கு 1. அத்தனை கறுப்பாக ஓரம் தெரிந்தால் உள்ளே இருப்பது காற்று. இடுக்குகள் நனையவே இல்லை.

ஏன் நனையவில்லை என்பதற்கும் கணக்கு உண்டு. 6 மைக்ரானுக்கு 25 மைக்ரான் என்ற வாயில் நீரின் மேற்பரப்பு இழுவிசை தரக்கூடிய அழுத்தம் அதிகபட்சம் 30 கிலோபாஸ்கல் வரை போகும். பிடிஎம்எஸ் இயல்பாகத் தண்ணீரை விலக்கும் பொருள். அதனால் வறண்ட இடுக்குக்குள் நீரைத் தள்ளவே 10 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் தேவை. நாங்கள் கொடுத்தது 10 சென்டிமீட்டர் நீர்மட்ட வித்தியாசம், அதாவது 1 கிலோபாஸ்கல். சுற்றுவழி திறந்து கிடக்கும்போது நீர் எதற்காக இடுக்குக்குள் முட்டப் போகிறது? பிளாஸ்மா செய்த உடனே ரப்பர் நீரை ஏற்கும். ஆனால் சில மணி நேரத்திலேயே அந்தக் குணம் குறைய ஆரம்பிக்கும், நாள் போகப் போகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முந்தைய நாள் ஒட்டி வைத்த சிப்பை மறுநாள் நிரப்பும் வழக்கம் அகலமான கால்வாய்களுக்குச் சரி. இதற்குச் சரிப்படாது.

அழுத்தத்தைக் கூட்டி ஊதித் தள்ளலாமே என்று தோன்றும். தண்ணீர் சுற்றுவழியில் வேகமாக ஓடுமே தவிர இடுக்கில் உள்ள காற்று அசையாது. காற்றைக் கரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், அதற்கு இந்த ரப்பரே துணை. பிடிஎம்எஸ் வாயுக்களைத் தாராளமாக ஊடுருவ விடும். வெளியேறும் துளையை ஒரு வளைத்த ஊசியால் அடைத்துவிட்டு, நுழைவில் சிரிஞ்சை வைத்துக் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தோம். போக வழி இல்லாத காற்று ரப்பருக்குள் இறங்க ஆரம்பித்தது. நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கறுப்புக் கோடு முதலில் இரு முனைகளிலும் மெலிகிறது, நடுவில் ஒரு சின்னக் கறுப்பு வில்லையாகச் சுருங்குகிறது, அப்புறம் சட்டென்று இல்லாமல் போகிறது. ஒன்று போய் அடுத்தது, அடுத்தது என்று நூறு இடுக்கும் நனைந்து முடியச் சில நிமிடம்தான். எனக்கு இந்த வேலை முழுவதிலும் மிகவும் பிடித்த காட்சி இது.

இப்போதெல்லாம் பிளாஸ்மா முடிந்து அடுப்பிலிருந்து எடுத்ததும் சிப்பை டெசிகேட்டரில் வெற்றிடத்தில் வைத்து, எடுத்த கையோடு நீரை விடுகிறோம். ரப்பருக்குள் காற்று குறைந்திருப்பதால் அதுவே மிச்சக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். பெரும்பாலும் சிரிஞ்சுக்கு வேலையே இருப்பதில்லை.

நனைந்த பிறகு மறுபடி மணிகள். 450 வடிவத்தில் ஏறக்குறைய ஒன்றும் பிடிபடவில்லை. 600-ல் அங்கொன்றும் இங்கொன்றும். 800-ல் வரிசையாக உட்கார்ந்தன! மூன்று வடிவமும் மூன்று விதமாக நடந்துகொண்டால் இடுக்கின் அளவு வரைபடத்தில் உள்ளபடி இல்லை என்று பொருள். அதே வார்ப்பிலிருந்து ஒரு சிப்பை எடுத்து, இடுக்கின் குறுக்கே பிளேடால் மெல்லிய சீவலாக அறுத்து, படுக்க வைத்துப் பார்த்தோம். அளவுகோல் தகட்டோடு ஒப்பிட்டால் 5 மைக்ரான். சுவர்கள் நேராகத்தான் இருந்தன, ஒளி ஒரு சுற்றுக் குறைவாகப் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். 5 மைக்ரானுக்குக் கணக்குப் போட்டால் 600-க்கு 0.94, 800-க்கு 1.26. சிப் சொன்னதும் கணக்கு சொன்னதும் ஒன்றாக இருந்தன. புது அச்சு செய்யாமல் 800 வடிவத்தை வைத்தே மேலே போனோம். மாஸ்க்கில் வரைந்து வைத்த அந்தக் கூடுதல் வடிவம் இல்லையென்றால் வேஃபரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்திருக்கும்.

அடுத்தது ஓட்டம். எல்லாரும் முதலில் கை வைப்பது சிரிஞ்சு பம்பில். இந்தச் சிப்புக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நூறு பொறிகளும் தொடராக உள்ள 800 வடிவத்தில் 10 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குக் கிடைக்கும் ஓட்டம் கணக்குப்படி நிமிடத்துக்கு 23 நானோலிட்டர். 1 மில்லி சிரிஞ்சில் இந்த ஓட்டத்துக்கு பிஸ்டன் நிமிடத்துக்கு ஒன்றேகால் மைக்ரான்தான் நகர வேண்டும். மோட்டார் படிப்படியாகத் தள்ளும் ஒவ்வொரு தள்ளும் நுண்ணோக்கியில் செல் துடிப்பதாகத் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. பம்பு ஓட்டத்தை மாறாமல் வைக்கும். பொறிகள் நிறைய நிறைய மொத்தத் தடை இரண்டேகால் மடங்கு ஏறுகிறது. அப்போது பம்பு அழுத்தத்தையும் அதே அளவு ஏற்றும். பிடிபட்ட செல்லின் முதுகில் அந்த அழுத்தம் விழுகிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்த்தபோது செல்கள் இடுக்குக்குள் நாக்கை நீட்டுவது போல நீண்டு, கடைசியில் முழுசாகப் பிதுங்கி மறுபக்கம் போயின. நீர்மட்டத்தை நம்பினால் அழுத்தம் மாறாது, பொறிகள் நிறையும்போது ஓட்டம்தான் குறையும். நூறு பொறியும் நிறைந்த நிலையில் ஒரு செல்லின் மேல் விழுவது 10 பாஸ்கல்தான், அது செல்லை ஒன்றும் செய்யவில்லை. ஸ்டாண்டு, கிளாம்ப், ஒரு குழாய் போதும்.

குழாய் என்றதும் இன்னொன்று. நுழைவில் குழாயே வேண்டாம். அரை மில்லிமீட்டர் உட்துளை உள்ள குழாயில் நிமிடத்துக்கு 23 நானோலிட்டர் ஓடினால் நீர் நிமிடத்துக்கு 0.12 மில்லிமீட்டர்தான் நகரும். செல்லோ தன் எடையால் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதாவது செல் சிப்பை அடைவதற்குள் குழாயின் அடியில் படிந்துவிடும். முதலில் செல்களே வரவில்லை என்று நாங்கள் திகைத்தது இதனால்தான். இப்போது 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையை நுழைவுத் துளையிலேயே செங்குத்தாகச் செருகி, அதிலேயே செல் கரைசலை வைக்கிறோம். செல் இறங்குவது நேராகச் சிப்பின் வாயில்தான். வெளியேறும் பக்கத்தில் மட்டும் நீர் நிறைந்த குழாய், அதன் முனை கீழே பீக்கரில் மூழ்கியிருக்க வேண்டும். முனையைக் காற்றில் தொங்கவிட்டால் அங்கே நிற்கும் துளியே நூறு பாஸ்கலுக்கு மேல் எதிர்த்துத் தள்ளும், நம்மிடம் இருப்பது மொத்தமே ஆயிரம்.

செல்கள் கே562. 1970-களில் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் கொண்ட ஒருவரிடமிருந்து உருவான வரிசை. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் களஞ்சியத்திலிருந்து வாங்கி வளர்த்தது. தட்டில் ஒட்டாமல் மிதந்தே வளரும் என்பதால் என்சைம் போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. அளவு பெரும்பாலும் 15 முதல் 20 மைக்ரான். ஆனாலும் சேர்ந்து கொத்தாக நிற்கும் பழக்கம் உண்டு, 40 மைக்ரான் நைலான் வலையில் வடிகட்டியே விட வேண்டும். சிப்பின் நுழைவில் தூண்களை வரிசையாக நிறுத்தி நாங்களும் ஒரு வடிகட்டி வைத்திருந்தோம். பருத்தி இழை, ரப்பர்த் துணுக்கு எல்லாம் அங்கே நின்றுவிடும். அதையும் தாண்டி வருவது செத்த செல்களின் சிதைவு. அது இடுக்கின் பாதியை அடைத்துவிட்டால் நேர்வழியின் தடை ஏறி, அந்தப் பொறி காலியாகவே கிடக்கும். காலிப் பொறி எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இடுக்கில் ஏதாவது தொங்குகிறதா என்றுதான்.

செல் விடுவதற்கு முன் புளூரானிக் எஃப்-127 கரைசலை 0.2 சதவீதத்தில் அரை மணி நேரம் உள்ளே நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் செல்கள் சுற்றுவழியின் சுவரிலேயே ஒட்டும். சுவரில் ஒட்டிய ஒரு செல் கால்வாயின் பெரும்பகுதியை மறைத்துவிடும், அது சுற்றுவழியின் தடையை ஏற்றி, பக்கத்துப் பொறியில் இரண்டு மூன்று செல்கள் நெருக்கியடித்துச் சேர வழி செய்துவிடும்.

மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல் என்ற அடர்த்தியில் விட்டால் ஐந்து நொடிக்கு ஒன்று வீதம் வருகிறது. முதல் பொறியின் முன்னால் செல் வரும்போது ஒரு கணம் வேகம் குறைந்த மாதிரி இருக்கும், கால்வாயின் நடுவிலிருந்து விலகி, குழியின் வாய்க்குத் திரும்பி, உள்ளே போய் அடியில் சற்றுத் தட்டையாக அமுங்கி உட்காரும். அடுத்த செல் அதே இடத்துக்கு வந்து, உட்கார்ந்திருப்பதை உரசிக்கூடப் பார்க்காமல் வளைவில் திரும்பிவிடும். உயிரியல் துறை மேடம் இதை முதன்முதலில் பார்த்தபோது, “இதுக்கு யாரு சார் வழி சொல்றாங்க?” என்று கேட்டார். தண்ணீர்தான் மேடம் என்றேன்.

குறைகளும் உண்டு. 12 மைக்ரான் அளவுள்ள குட்டிச் செல்கள் வந்தால் குழியில் இரண்டு சேர்ந்து உட்கார்ந்துவிடும். கே562 ஏறக்குறைய ஒரு நாளில் இரண்டாகப் பிரியும் செல். பிரிந்ததும் ஒரு மகள்செல் குழியை விட்டு வெளியே வந்து ஓட்டத்தோடு போய் அடுத்த காலிப் பொறியில் உட்கார்ந்துகொள்ளும். படத்தை மட்டும் வைத்து எண்ணினால் அது புதிதாக வந்த செல் மாதிரி இருக்கும். அதனால் எல்லாப் பொறியும் நிறைந்த பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குகிறோம், பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறோம். 37 டிகிரியில் ரப்பர் வழியாக நீராவியும் வெளியேறுவதால் சிப்பைச் சுற்றி ஈரத்தாள் வைத்து மூட வேண்டும், இல்லையென்றால் உள்ளே உப்பு ஏறிச் செல் சுருங்கும்.

மருந்து விஷயத்தில் மேடமும் நானும் இன்னும் கவலையோடுதான் இருக்கிறோம். எண்ணெய்த்தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளை பிடிஎம்எஸ் உறிஞ்சிக்கொள்ளும். இந்த வகைச் செல்லுக்கு இமாடினிப் போன்ற மருந்தைக் கொடுத்தால், பிப்பெட் முனையில் ஊற்றிய செறிவும் நூறாவது பொறிக்குப் போய்ச் சேரும் செறிவும் ஒன்றுதான் என்று நம்பிவிடக் கூடாது. இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் சுவரோடு உறவாட மூலக்கூறுக்கு நேரம் நிறைய இருக்கிறது. மருந்துக் கரைசலை முன்னதாகவே நீண்ட நேரம் ஓடவிட்டு ரப்பரை நிறைவிக்கிறோம். வெளியேறும் நீரில் மருந்து எவ்வளவு என்று அளந்த பிறகுதான் அந்த முடிவுகளை யாரிடமும் காட்டுவோம்.

பிடித்த செல்லைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வெளியேறும் குழாயை நுழைவைவிட உயர்த்தி ஓட்டத்தைத் திருப்பினால் செல் குழியை விட்டு வந்துவிடும், உண்மைதான். ஆனால் இவ்வளவு மெதுவான ஓட்டத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினாலும் நேர்வழிக்கும் சுற்றுவழிக்கும் உள்ள பங்கு மாறாது. திரும்பி வரும் செல்லும் நேர்வழியைத்தான் தேடும், முந்தைய பொறியின் இடுக்குக்குப் பின்பக்கத்தில் போய் ஒட்டி நிற்கும். டோக்கியோக்காரர்கள் பொறிக்கு அருகில் அலுமினியத் திட்டு வைத்து, அதில் லேசரைக் குவித்து, ஒரு சிறு குமிழியை உண்டாக்கி மணியை வெளியே தள்ளினார்கள். உயிருள்ள செல்லுக்குப் பக்கத்தில் அந்தச் சூட்டை வைக்க எனக்கு இப்போதைக்குத் துணிவில்லை. எங்கள் தேவைக்கு எடுக்காமலே காரியம் நடக்கிறது: மருந்துக்குப் பிறகும் பிழைத்த செல்களை அங்கேயே நிலைப்படுத்தி, சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை அதே சுற்றுவழியில் ஓடவிட்டு, எந்தப் பொறியில் எது என்று பார்த்துவிடலாம்.

அடுத்த மாஸ்க் வரைந்தாகிவிட்டது. சுற்றுவழி 700, 800, 950 என மூன்று. குழியின் ஆழம் 20 மைக்ரானிலிருந்து 17-க்குக் குறைத்திருக்கிறேன், குட்டிச் செல்கள் இரண்டாக உட்கார இடம் இருக்காது. நுழைவு வடிகட்டியில் தூண் வரிசையை இரண்டாக்கியிருக்கிறேன். வேஃபரின் நான்கு மூலைகளிலும் 4, 5, 6, 7, 8 மைக்ரான் தடிமனில் சோதனைச் சுவர்களும் வைத்திருக்கிறேன், ரப்பர் ஊற்றுவதற்கு முன்பே அச்சை அளந்துவிடுவதற்காக.